வைத்த இடத்தில் இருந்த திருகு

நான் சந்தேகப்படுகிற ஆள். இதை என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், நானும் மறுத்ததில்லை. பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பேன். அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினால், போர்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாலும் டிரைவரிடம் ஒரு தடவை, கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் விழுந்த காய் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தார்கள் என்று தெரியாமல் கை சோற்றில் இறங்காது. "முதல்ல தின்னுங்க, பெறகு கேளுங்க" என்பாள் அவள். கேட்காமல் தின்ற ஞாபகம் எனக்கு இல்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், மாசியிலும் பங்குனியிலும், இந்தக் குணம் என்னை ஒரு டீசல் இஞ்சினோடு மல்லுக்கு நிற்க வைத்தது. அந்த மல்லுக்கட்டில் என் சித்தப்பா மகனை நான் இழந்துவிடப் பார்த்தேன்.

பந்தல்குடியிலிருந்து திருச்சுழிப் பக்கம் திரும்பினால் வரும் கரிசலில் எங்கள் நிலம். கிணறு எனக்கும் சித்தப்பா மகனுக்கும் பொது. என்னைவிட ஆறு வயது இளையவன், என்னை அண்ணே என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. தண்ணீரில் எனக்கு இரண்டு பங்கு, அவனுக்கு ஒரு பங்கு. அதனால் இரண்டு நாள் என் முறை, ஒரு நாள் அவன் முறை. இஞ்சினும் பொதுதான். டீசலை மட்டும் அவரவர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கரண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வரும் வரும் என்று கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

ஐந்து குதிரைச் சக்தி, ஒற்றை சிலிண்டர், தண்ணீரால் குளிரும் இஞ்சின். பம்பு இழுக்கும் தண்ணீரில் கொஞ்சம் ஒரு சின்னக் குழாய் வழியாகப் பிரிந்து இஞ்சினுக்குள் போகும். உள்ளே சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியே விழும். அந்தச் சின்னக் குழாயில் ஒரு பித்தளைத் திருகு உண்டு. கைப்பிடி குழாயோடு ஒட்டி நீளமாக இருந்தால் முழுக்கத் திறந்திருக்கிறது என்று அர்த்தம். குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

இஞ்சின் அறை கட்டியபோது கிழக்குப் பக்கம் நிலம் சரிவாக இருந்ததால் ரப்பர் குழாயை அந்தப் பக்கம் விட்டோம். கிழக்குப் பக்கம் அவனுடைய வரப்பு. குழாய் விழுகிற இடத்தில் மண் குழிந்தது. அவன் அந்தக் குழியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் கிள்ளி, பத்துப் பன்னிரண்டு கத்தரிச் செடி வைத்துவிட்டான். வருஷக்கணக்கில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. தை மாதக் கடைசியில் ஒரு நாள், என் முறையில், என் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து நின்றேன். என் டீசலில் ஏறிய தண்ணீர் அவன் கத்தரிக்குப் போய்க்கொண்டிருந்தது. செடிகள் தளதளவென்று நின்றன. என் மிளகாய் வாடிக் கிடக்க, இவன் செடிக்கு என்ன வந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் குழாயைக் கிழக்கே விடலாம் என்று அன்றைக்கு முதலில் சொன்னது யார் என்று யோசித்தேன். சொன்னது நான்தான். ஆனால் அப்போது அவன்தான் சொன்னான் என்றே தோன்றியது. திருகை முக்கால்வாசி மூடினேன். கைப்பிடி சுவரில் இருந்த ஒரு செங்கல் மூலையைப் பார்த்து நின்றது. இஞ்சினுக்கு நாலு சொட்டு போதாதா என்று நினைத்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

மாசி பாதியில் கோளாறு தொடங்கியது. காலையில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் இஞ்சின் கெட்டியாகத் திமிறும். உள்ளே காற்று அவ்வளவு இறுக்கமாக அடைபடுகிறது, நல்ல கம்ப்ரஷன் என்று அர்த்தம். உடனே பிடித்துக்கொள்ளும், டொக் டொக்கென்று ஓடும். வெயில் ஏற ஏறச் சத்தம் இளைக்கும். பத்து, பதினொரு மணிக்குப் புகை கறுத்து, தண்ணீர் மெலிந்து, நின்றுவிடும். அந்த நேரம் ஹேண்டிலைச் சுற்றினால் எந்தத் தடையும் இல்லாமல் சும்மா சுற்றும். கம்ப்ரஷன் எங்கே போனது என்றே தெரியாது. ஒன்றரை மணி நேரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து சுற்றினால் பழையபடி திமிறும். மறுபடி ஒரு மணி நேரம் ஓடி மறுபடி நிற்கும். மிளகாய் பிஞ்சு இறங்குகிற நேரம். இரண்டு நாள் முறையில் பாதி வயல்கூட நனையவில்லை.

இதில் என்னைக் குடைந்த விஷயம் வேறு. அவன் முறையன்று இஞ்சின் நிற்கவே இல்லை. காலையில் ஏழு மணிக்கு எடுத்தால் பொழுது சாயும்வரை ஒரே சீராக ஓடியது. வீட்டு வாசலில் நின்றாலே அந்தச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு டொக்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

அவனுக்கு ஓடுகிற இஞ்சின் எனக்கு ஏன் நிற்க வேண்டும்? முதலில் டீசலைச் சந்தேகப்பட்டேன். கேனை மோந்து பார்த்தேன், கடையை மாற்றினேன், ஒன்றும் மாறவில்லை. பிறகு, தன் முறை முடிந்ததும் அவன்தான் எதையோ தளர்த்திவிட்டுப் போகிறான் என்று முடிவு கட்டினேன். வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து இஞ்சினின் ஒவ்வொரு நட்டிலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். நட்டைத் திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த முறைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு கோடும் உடையவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. பலே ஆளாக இருக்கிறானே என்றுதான் தோன்றியது.

அவனுடைய அடுத்த முறையன்று பொழுது சாய்கிற நேரத்தில் கருவேலம் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முள் குத்தியது, எறும்பு கடித்தது, அசையவில்லை. அவன் இஞ்சினை நிறுத்துவதற்கு முன்னால் பழைய துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தான். பிறகு பக்கவாட்டில் குனிந்தான். கை எதையோ தொட்டது. தலையைச் சாய்த்து ஒரு தடவை பார்த்தான், மறுபடி தொட்டான். அப்புறம் இஞ்சினை நிறுத்திவிட்டு, அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். கும்பிட்டதுகூட எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அவன் தலை மறைந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோடுகள் எல்லாம் இருந்தன. டீசல் டேங்கு மூடி இருந்தது. பித்தளைத் திருகு நான் வைத்தபடியே செங்கல் மூலையைப் பார்த்து நின்றது. எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. ஆனால் அவன் குனிந்ததை நான் கண்ணால் பார்த்தேனே.

பாளையம்பட்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொன்னேன். அவர் மறுநாள் விடியற்காலையில் முதல் பஸ்ஸில் இறங்கி, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஹெட்டைக் கழற்றினார். சிலிண்டருக்கு மேலே மூடியாக உட்கார்ந்திருக்கும் இரும்புத் தலைக்குத்தான் ஹெட் என்று பெயர். அதில் இரண்டு வால்வு இருக்கும், ஒன்று காற்று உள்ளே வர, ஒன்று புகை வெளியே போக. இரண்டும் அதனதன் சீட்டில், அதாவது வந்து உட்காரும் வளையத்தில், படிய உட்கார்ந்தால்தான் கம்ப்ரஷன் நிற்கும் என்றார். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் ஊற்றினார். சீட்டில் படியவில்லை என்றால் கசிந்து இந்தப் பக்கம் வரும். இரண்டு பீடி குடிக்கிற நேரம் பார்த்தோம். ஒரு சொட்டு வரவில்லை.

"வால்வு சுத்தமா இருக்கு அண்ணாச்சி. ஆனா இது குளுந்த இரும்பு. நிக்குற நேரத்துல நான் பாக்கணும். ஒரு நாள் மத்தியானம் ஆள் விடுங்க, வாரேன்" என்றார்.

அவரை அனுப்பிவிட்டுத் திரும்பும்போதுதான் அவரும் என் சித்தப்பா மகன் பெண்டாட்டியும் ஒரே ஊர் என்பது எனக்கு உறைத்தது. மெக்கானிக்கும் அவனும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று ஆகிவிட்டது. அவருக்கு நான் ஆள் விடவில்லை.

அடுத்த என் முறையிலும் இஞ்சின் பத்தரைக்கு நின்றது. அவன் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தான். நேரே போய் நின்று, நீ குனிந்து என்ன செய்தாய் என்று கேட்டேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"கெடுதல் எதுவும் செய்யலண்ணே."

"குனிஞ்சது உண்டா இல்லையா?"

அவன் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்ல மாட்டாமல் நிற்பதே எனக்குப் போதுமாக இருந்தது. குலசாமி முன்னால் சூடம் அணைக்கச் சொன்னேன். அவன் அரிவாளை வரப்பில் வைத்தான். "சரி, வெள்ளிக்கிழமை வாரேன்" என்றான்.

எங்கள் வகையறாவில் சூடம் அணைப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் சோறு தண்ணீர் கிடையாது. நல்லது கெட்டதுக்குப் போக முடியாது. பிள்ளைகள் தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும். சாமி யார் பக்கம் என்று காட்டும்வரை அப்படித்தான். சித்தப்பா இறந்தபோது, இவனைப் பார்த்துக்கொள் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதுவும் எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் சொல்லிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் ஒரே குடத்தில் தண்ணீர் எடுக்கிற பழக்கம். அன்றைக்குச் சாப்பாட்டில் வெறும் ரசம். ஒரு மாதமாகவே காய் சரியில்லை, கத்தரிக்காய்க் குழம்பே கண்ணில் படவில்லை, ஏன் வாங்குவதில்லை என்று நான் வேறு கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

வியாழக்கிழமை என் முறை. பத்தே முக்காலுக்கு இஞ்சின் நிற்கப்போகிற சமயம் வரப்பில் மெக்கானிக் வந்துகொண்டிருந்தார். பின்னால் என் மனைவி. அவள்தான் ஆள் விட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதற்குள் இஞ்சின் நின்றுவிட்டது. மெக்கானிக் பையைக்கூட இறக்கவில்லை, ஹேண்டிலைப் போட்டு என்னைச் சுற்றச் சொன்னார். நான் சுற்றினேன். அவர் புகைக்குழாய் வாயருகே காதைக் கொண்டுபோனார். உள்ளே அடைபட வேண்டிய காற்று அந்த வழியாக உஸ்ஸென்று ஓடுவது எனக்கே கேட்டது.

"புகை வால்வு உக்காரல. குளுந்தா உக்காருது, சூட்டுல உக்காரல" என்றார்.

அது எப்படி என்று கேட்டேன், குரலில் நம்பாமை இருந்திருக்கும். அவர் பொறுமையாகச் சொன்னார். இரும்பு சூட்டில் நீளும். புகை வால்வின் தண்டுதான் எல்லாவற்றிலும் அதிகம் காய்கிற இடம். தண்டு நீள்வதற்கென்றே மேலே ஒரு மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். சூடு அளவை மீறினால் தண்டு அந்த இடைவெளியையும் தாண்டி நீண்டு மேலே முட்டிக்கொள்ளும், வால்வு முழுக்க மூடாது. அது போதாதென்று சீட்டும் சூட்டில் கோணிக்கொள்ளும். கோணிய சட்டிக்கு மூடி பொருந்துமா என்று கேட்டார். ஆறினால் எல்லாம் பழைய அளவுக்கு வந்துவிடும், குளிர்ந்த ஹெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இப்படிச் சொல்லிக்கொண்டே அவர் அறையைச் சுற்றி வந்து கிழக்கே நின்றார். ரப்பர் குழாயைத் தூக்கி, அதில் தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டி, விரலை வைக்கச் சொன்னார். வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டேன். விரல் சிவந்துவிட்டது.

"வெளிய விழுற தண்ணி கை பொறுக்குற சூட்டுல இருக்கணும் அண்ணாச்சி. அதான் அளவு. இதுக்குத் தண்ணியை அடச்சு வச்சது யாரு?"

அவர் உள்ளே வந்து திருகைப் பார்த்தார். கைப்பிடியைக் குழாயோடு ஒட்டி நீளமாகத் திருப்பினார். சூடான இஞ்சினில் சட்டென்று பச்சைத் தண்ணீரை விடக்கூடாது என்று முக்கால் மணி நேரம் ஆற விட்டார், வால்வு இடைவெளியை அளந்து சரிசெய்தார். பிறகு ஓட்டினோம். பன்னிரண்டரை வெயிலில், அனல் அடிக்கிற நேரத்தில், ஒரே சீராக ஓடியது. கிழக்கே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி, வாய்க்காலில் இறங்கிக் கத்தரிச் செடிகளைத் தொட்டது. என் முறை நாட்களில் விழுந்த கொதிதண்ணீர் பட்டுச் செடிகள் பாதி கருகி, இருந்த காய்கள் சுண்டைக்காய் அளவில் சுருங்கித் தொங்கின.

என் மனைவி வரப்பில் நின்று அதைப் பார்த்தாள். "கத்தரிக்காய் ஏன் வாங்கலைன்னு கேட்டீகல்ல. நான் என்னைக்கு வாங்கினேன்? இத்தனை வருசமும் இந்தக் குழியில இருந்துதான் வந்துச்சு. கொழுந்தன் பறிச்சு வச்சிட்டுப் போவாரு. கேட்டா பந்தல்குடி சந்தைன்னு சொல்லச் சொல்லுவாரு, இல்லாட்டி அண்ணன் நூறு கேள்வி கேக்கும்னு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. மெக்கானிக் என்னைப் பார்க்காமல் ஸ்பேனர்களைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

இத்தனைக்குப் பிறகும் வெள்ளிக்கிழமை காலையில் நான் ஒரு தந்திரத்தோடுதான் கோயிலுக்குப் போனேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். வகையறாப் பெரியவர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவன் கிணற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். சூடமும் அவனே வாங்கி வந்திருந்தான். கல்லில் வைத்துப் பற்றவைத்தான். கை ஓங்குவதற்குள் நான் தடுத்தேன். சத்தியம் வேண்டாம், இஞ்சின் சரியாகிவிட்டது, சூட்டில் வால்வு உட்காரவில்லை, தானாக வந்த கோளாறு, யார் மேலும் தப்பு இல்லை என்று மடமடவென்று சொன்னேன். பெரியவர்களுக்கு நிம்மதி. ஒருவர் கிளம்பத் துண்டை உதறிவிட்டார்.

அவன் மட்டும் நகரவில்லை.

"தானா வந்ததுன்னு நீங்க சூடத்தை அணைங்கண்ணே. நான் போயிடுறேன்."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் கையைக் கொண்டுபோனேன். முதல்நாள் சுட்ட விரலில் அனல் பட்டதும் நின்றேன். பொய்ச் சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை, உண்மையைச் சொல்லவும் இல்லை. நாலு பேரும் என் கையையே பார்த்தார்கள். நான் கையை இழுத்துக்கொண்டேன். திருகை மூடி வைத்தது நான்தான், உன் கத்தரிக்குத் தண்ணீர் போகிறதென்று மூடினேன், அதனால்தான் இஞ்சின் காய்ந்தது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சூடம் தானாக எரிந்து அணைந்தது. கல்லில் கறுப்பாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

"நீங்க மூடுனது எனக்கு மறுநாளே தெரியும்ணே" என்றான் அவன். "இஞ்சின் அதனாலதான் நிக்குதுன்னு தெரியாது. என் முறையில நான் தொறந்துக்குவேன்."

அப்படியானால் ஏன் திறந்தபடியே விட்டுவிட்டுப் போகவில்லை, குனிந்து குனிந்து என்ன செய்தாய் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது கேள்விதான்.

"போகும்போது நீங்க வச்ச மாதிரியே திருப்பி வச்சிட்டுப் போவேன். அந்தச் செங்கல் மூலைக்கு நேரா இருக்கான்னு பாத்துப் பாத்து வைப்பேன். இடம் மாறி இருந்தா நீங்க சந்தேகப்படுவீகளேண்ணே."

துண்டை உதறியவர் அதைத் தோளில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவன் ஈர வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தான்.

அடுத்த முறைக்குப் போனபோது ஈரத்துணியால் சுண்ணாம்புக் கோடுகளைத் துடைத்தேன். சிலது இரும்பில் ஊறிப்போய்ப் போகவில்லை. திருகை முழுக்கத் திறந்துவிட்டு, இனி நான் மூட முடியாதபடி கைப்பிடியைக் கழற்றி, அவன் வரப்பில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அது அங்கே இல்லை. அவனும் நானும் கிணற்றடியில் பார்த்துக்கொண்டால் மழை, மிளகாய், டீசல் என்று நாலு வார்த்தை பேசினோம். சூடம் அணைக்காததால் வீடுகள் இரண்டும் பிரியவில்லை. ஆனால் முன்பு போல அவன் என் வீட்டுக்குள் வந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பது நின்றுபோயிருந்தது.

சித்திரை முடிந்து வைகாசியும் பாதி போன பிறகு, ஒரு மத்தியானம் தட்டில் கத்தரிக்காய்க் குழம்பு விழுந்தது. பிஞ்சுக் காய், காம்போடு நாலாகக் கீறிப் போட்டிருந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தாள்.

நான் கேட்கவில்லை. பிசைந்து சாப்பிட்டேன்.